கல்லூரி மாறினால் ஓராண்டு போக வேண்டுமா?

வளப்பூர் நாட்டில் கல்லூரிக்குப் போகும் பிள்ளைகளுக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்து வருகிறேன். கல்லூரி மாறுகிறவர்கள் மாற்றுச் சான்றிதழ் கிடைத்தால் போதும் என்று நினைக்கிறார்கள். ஏற்கெனவே தேறிய தாள்களில் எவை புதிய பாடத்திட்டத்துக்கு ஈடாகும், எவற்றைக் கூடுதலாக எழுத வேண்டும் என்பதை யாரும் சொல்வதில்லை. சிலருக்கு அது கடைசி ஆண்டில்தான் தெரிகிறது.

பேராசிரியர் உறவினர் உள்ள வீட்டில் ஒரு தொலைபேசி அழைப்பில் இது முடிந்துவிடும். நிலத்தைப் போலத் தகவலும் சாதிக்குள்ளேயே கைமாறுகிறது. மிளகும் மரவள்ளியும் பயிரிடும் மலையாளிப் பழங்குடிப் பெற்றோர், 70 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கிப் போய் யாரைக் கேட்பார்கள்?

1917இல் பரோடா உதவித்தொகைக் காலம் முடிந்ததால் அண்ணல் அம்பேத்கர் லண்டன் படிப்பைப் பாதியில் விட்டுத் திரும்பினார். நான்கு ஆண்டுகளுக்குள் வந்து தொடரலாம் என்ற அனுமதி அவரிடம் இருந்தது. 1920இல் மீண்டும் போனார், 1921இல் எம்.எஸ்சி., 1923இல் டி.எஸ்சி. பட்டம் பெற்றார்.

தேசியக் கல்விக் கொள்கை 2020, ஓராண்டில் வெளியேறினால் சான்றிதழ், ஈராண்டில் பட்டயம் என்கிறது. எங்களுக்கு வேண்டியது வெளியேறும் வழி அல்ல, படித்து முடிக்கும் வழி.

சேர்க்கைக்கு முன்பே, எந்தத் தாள் ஏற்கப்பட்டது, எது பாக்கி என்று தமிழில் எழுதித் தர வேண்டும். ஒவ்வொரு அரசுக் கல்லூரியிலும் இதற்கென ஓர் ஆசிரியரைப் பொறுப்பாக்க வேண்டும். பழங்குடியினருக்கான 1 விழுக்காடு இடஒதுக்கீட்டில் சேர்ந்தவர்கள் பட்டம் பெறும்வரை துணை நிற்பதும் அரசின் கடமை.