பத்து வயதில் ஒரு நுழைவுத் தேர்வு

காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் செல்லும் வழியில், செய்யாற்றங்கரையில் இருக்கிறது மாகறல். திருஞானசம்பந்தர் பாடிய தலம் என்பதால் வெளியூரார் வருவது கோயிலுக்காக. உள்ளூர்ப் பெற்றோரிடம் பேசினால் வேறொரு கவலை தெரிகிறது. ஐந்தாம் வகுப்பு முடிக்கும் பிள்ளையைக் காஞ்சிபுரத்தில் பெயர்பெற்ற தனியார் பள்ளி ஒன்றில் சேர்க்க வேண்டும்; அங்கே 'டெஸ்ட்' வைப்பார்களாம்; அதற்கு டியூஷன் அனுப்ப வேண்டுமா? தறியில் அமரும் தந்தையும், ஒரகடம் தொழிற்சாலைக்கு ஷிப்ட் வேலைக்குப் போகும் தந்தையும் என்னிடம் இதையேதான் கேட்கிறார்கள்.

அந்த 'டெஸ்ட்' பெரும்பாலான பள்ளிகளில் சட்டவிரோதம் என்பதை அவர்களில் யாரும் அறிந்திருக்கவில்லை. 2010 ஏப்ரல் 1-இல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 13-ஆவது பிரிவு, சேர்க்கையின்போது குழந்தையையோ பெற்றோரையோ வடிகட்டுவதைத் தடை செய்கிறது. இடங்களைவிட விண்ணப்பங்கள் அதிகமானால் குலுக்கல்தான் வழி. மீறும் பள்ளிக்கு முதல் முறை 25,000 ரூபாய் வரையும், அடுத்த ஒவ்வொரு முறைக்கும் 50,000 ரூபாய் வரையும் அபராதம். எட்டாம் வகுப்பு வரையிலான கல்விக்கு இது பொருந்தும். சட்டத்தில் ஓட்டைகளும் உண்டு. மழலையர் வகுப்புச் சேர்க்கைக்கு இந்தத் தடை முழுமையாகப் பொருந்தாது என்று 2013-இல் தில்லி உயர் நீதிமன்றம் கூறியது. சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு 2014-இல் உச்ச நீதிமன்றம் விலக்கு அளித்தது. ஆனால், தடை பொருந்தும் பள்ளிகளிலும் 'திறனறிதல்' என்று பெயர் மாற்றினால் போதும் என்றாகிவிட்டது. நாளை அதே பள்ளியில்தானே பிள்ளை படிக்க வேண்டும். எந்தப் பெற்றோர் புகார் கொடுப்பார்?

வெளிப்படையாகவே நுழைவுத் தேர்வு நடத்தும் பள்ளிகள் வேறு. தமிழ்நாட்டில் அதற்கு நல்ல எடுத்துக்காட்டு, 1962-இல் தொடங்கப்பட்ட அமராவதி நகர் சைனிக் பள்ளி. ஆறாம் வகுப்புக்கான தேர்வில் 300 மதிப்பெண். அதில் கணக்குக்கு மட்டும் 150. மொழி, பொது அறிவு, நுண்ணறிவு ஆகியவற்றுக்குத் தலா 50. மொத்தம் 125 வினாக்கள், இரண்டரை மணி நேரம். ஆறாம் வகுப்புக்குத் தமிழிலேயே எழுதலாம். ஒன்பதாம் வகுப்புச் சேர்க்கைக்கு ஆங்கிலம் மட்டுமே. அதாவது, தமிழ்வழியில் படிக்கும் பிள்ளைக்கு அந்தக் கதவு பத்து, பதினோரு வயதில் ஒருமுறை திறந்து மூடிக்கொள்கிறது. இந்தச் சிறு விவரம் தெரியாமலேயே வாய்ப்பை இழக்கும் குடும்பங்கள் ஏராளம்.

வீட்டில் என்ன உதவி செய்ய முடியும்? கட்டுக்கட்டாக மாதிரி வினாத்தாள் வாங்கித் திணிப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. பின்னம், சதவீதம், பரப்பளவு மூன்றும் கைவந்தால் கணக்குப் பகுதியில் பாதி பயம் போய்விடும். நாளிதழில் ஒரு செய்தியை உரக்கப் படிக்கச் சொல்லி, அதைத் தன் சொற்களில் திருப்பிச் சொல்ல வைத்தால் மொழியும் பொது அறிவும் சேர்ந்தே வளரும். நுண்ணறிவுப் பகுதியில் வரும் உருவத் தொடர், கண்ணாடிப் பிம்பம் போன்ற வினாக்கள் நெசவாளர் வீட்டுப் பிள்ளைக்கு அந்நியமல்ல. சேலையின் ஒரு கரை உருவம் மறு கரையில் இடவலம் திரும்பி நிற்பதை அது அன்றாடம் பார்க்கிறது. அதையே காகிதத்தில் கேட்கிறார்கள் என்று சொல்லிக் கொடுக்க ஒருவர் வேண்டும், அவ்வளவுதான். விடைத்தாளில் வட்டத்தை நிரப்பவும் பழக்க வேண்டும். விடை தெரிந்தும் வரிசை மாறி நிரப்பிய பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

அந்த 'ஒருவர்' எல்லா வீட்டிலும் இல்லை என்பதே சிக்கல். இலங்கையில் ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை, ஏழைப் பிள்ளைகள் நல்ல பள்ளிகளுக்குச் செல்ல உதவும் ஏற்பாடு. இன்று அது யாழ்ப்பாணம் முதல் கொழும்பு வரை டியூஷன் வகுப்புகளின் பெருஞ்சந்தையாகிவிட்டது. தேர்வு இருக்கும் இடத்தில் பயிற்சிக்கு விலை வரும். விலை கொடுக்க முடிந்தவரே முந்துவார்.

இதற்கு மாற்று நம் கண்முன்னே இருக்கிறது. எட்டாம் வகுப்பு மாணவர்களுக்கான தேசிய வருவாய்வழி, திறன் படிப்புதவித் தேர்வில் தேர்ச்சி பெறுவோர்க்கு ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் கிடைக்கிறது. பெற்றோரின் ஆண்டு வருமானம் மூன்றரை லட்சத்துக்கு மேல் இருக்கக் கூடாது. அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளில் படிக்க வேண்டும். பல ஊர்களில் அரசுப் பள்ளி ஆசிரியர்கள் காலையிலும் மாலையிலும் கூடுதல் நேரம் செலவிட்டு, கட்டணமின்றி இதற்குப் பயிற்சி தருகிறார்கள். அதே ஏற்பாட்டை ஐந்தாம் வகுப்புக்கும் கொண்டுவரலாம்: வாரத்துக்கு இரண்டு மாலைகள், ஒன்றியத்துக்கு ஒரு பள்ளி, பயிற்சி தரும் ஆசிரியருக்கு முறையான மதிப்பூதியம். கூடவே, தனியார் பள்ளிகளின் சேர்க்கைக் காலத்தில் 13-ஆவது பிரிவைத் தமிழில் அச்சிட்டுப் பள்ளி வாயிலில் ஒட்ட வேண்டும் என்று மாவட்டக் கல்வி அலுவலகம் ஓர் உத்தரவு போடட்டும். புகார் தருபவரின் பெயர் பள்ளிக்குத் தெரியாமலிருக்கவும் வழி செய்யட்டும்.