வடசென்னையில் வறட்சி தாங்கும் மரங்கள்: எங்கள் நிலைப்பாடு

எண்ணூரில் மழை குறைவு என்று யாரும் சொல்ல முடியாது. சென்னைக்கு ஆண்டுக்குச் சுமார் 1,400 மி.மீ. பெய்கிறது. பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். அப்புறம் ஐந்தாறு மாதம் கன்று காய வேண்டியதுதான். போதாக்குறைக்கு, மீஞ்சூர்ப் பக்கம் நிலத்தடி நீரில் கடல் நீர் புகுந்து பல பத்தாண்டுகள் ஆகின்றன. உப்பேறிய மண்ணில் ஈரம் இருந்தாலும் வேரால் எளிதில் உறிஞ்ச முடியாது. இங்கே வறட்சி பாதி வெயில், பாதி உப்பு. அதனால், எந்தப் புது ரகம் வந்தாலும் நாங்கள் முதலில் கேட்பது: உப்பைத் தாங்குமா?

கோவை வன மரபியல் மற்றும் மரப்பெருக்கு நிறுவனம் சவுக்கில் செய்துவரும் வேலையை வரவேற்கிறோம். நல்ல தாய்மரங்களைத் தேர்ந்து, நம் ஊர்ச் சவுக்கை இந்தோனேசியச் சவுக்கோடு கலந்து, குச்சிகளை வேர்பிடிக்க வைத்துக் கன்றாக்குகிறார்கள். இதில் எதிர்க்க ஒன்றுமில்லை. ஆனால் ஒரே தாயின் குளோனைக் கரை நெடுக நடுவதை ஏற்க மாட்டோம். 2001இல் கர்நாடகத்தின் மண்டியாவில் தலைகாட்டிய ஒரு சின்னக் குளவி, தைலமரக் குளோன் தோட்டங்களை என்ன பாடு படுத்தியது என்பதைத் தமிழ்நாடும் பார்த்தது. காகித ஆலைக்கு வளர்ப்பது பட்டுப்போனால் பணத்தோடு போகும். கரையில் பட்டுப்போனால் குப்பத்துக் கூரைக்குக் காற்றுத்தடுப்பு இருக்காது. பல குளோன்களும் விதைக் கன்றுகளும் கலந்தே நட வேண்டும்.

மரபணு மாற்றிய மரம் வேறு விஷயம். 2021இல் குவாஹாட்டி அருகே அத்தகைய ரப்பர் கன்றுகளைச் சோதனைக்கு நட்டார்கள். நம் தரமணியிலேயே எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அலையாத்தியின் உப்பு தாங்கும் மரபணுவைப் பிரித்து நெல்லில் சேர்த்துப் பார்த்தது. ஆய்வகத்தில் நடப்பதற்கு நாங்கள் எதிரியல்ல. அப்படி மாற்றிய மரத்தை எண்ணூர்க் கழிமுகத்தில் மட்டும் நட வேண்டாம். அலையாத்திப் பூவுக்குத் தேனீ வரும், காய் அலையில் மிதந்து போகும். எந்த வேலியும் தடுக்காது. ஊரெல்லாம் தேடும் மரபணு எங்கள் சேற்றில் ஏற்கெனவே நிற்கிறது, 2023 டிசம்பர் வெள்ளத்தோடு வந்த ஆலை எண்ணெயைப் பூசிக்கொண்டு. அனல்மின் நிலையச் சாம்பலையும் எண்ணெயையும் தாங்கும் மரபணுவை நாங்கள் கேள்விப்பட்டதில்லை. அவற்றை நிறுத்துவதற்குப் பதிலாகப் புது ரகம் காட்டினால் ஒப்ப மாட்டோம்.

பிழைத்து நிற்கும் அலையாத்திகளை வனத்துறை அடுத்த மழைக்கு முன் கணக்கெடுத்து, எண்ணிட்டு, அவற்றின் காயிலிருந்தே நாற்று வளர்க்க வேண்டும். மரங்கள் நிற்கும் இடத்தைக் காட்ட எங்கள் மீனவர்கள் படகோடு வருவார்கள்.