மாலை போதும், கணக்கு எங்கே?

ஜனவரி 27 வந்தால் சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தருக்கு மாலை விழும். கட்சி பேதமில்லாமல் வருவார்கள். 'கல்வித் தந்தை' என்பார்கள். மறுநாள் மாலையும் வாடிவிடும், பேச்சும் வாடிவிடும்.

தோழர்களே, தந்தை என்றால் பிள்ளைகள் யார்? அவர் துறவி. குடும்ப வாரிசு கிடையாது. கொள்ளிடம் முதல் கடைமடை வரை நாற்று நட்ட கைகளுக்குப் பிறந்து, முதல் தலைமுறையாகப் பள்ளிக்கூடம் போன நாம்தான் அவர் பிள்ளைகள். அந்த மகள்களில் ஒருத்தியாகவே இதை எழுதுகிறேன். மகள் மாலை போடுவதோடு நிற்கமாட்டாள். சண்டையும் போடுவாள், கணக்கும் கேட்பாள்.

முதலில் சண்டை. ஆரணி அருகே மேல்புதுப்பாக்கத்தில் 1890இல் முனுசாமியாகப் பிறந்தவர், 1916இல் சிதம்பரத்தில் கல்விக்கழகம் தொடங்கி அதற்கு நந்தனார் பெயரை வைத்தார். ஆண்டையிடம் உத்தரவு கேட்டு நின்றவராக, தீயில் இறங்கிய பிறகே தில்லைக்குள் போனவராக நமக்குச் சொல்லப்பட்ட நந்தன் எதற்கு என்று நான் கேட்பேன். ஆனால் அவர் செய்ததைப் பாருங்கள். நந்தனைத் தீயில் இறக்கிய கதையின் ஊரிலேயே, நந்தன் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமும் விடுதியும் கட்டினார். பண்ணையில் மாடு மேய்த்தால் பிள்ளைக்கு ஒருவேளைக் கூழ் கிடைக்கும், பள்ளிக்கு அனுப்பினால் அதுவும் போகும். அந்த வீட்டுக்குச் சோறில்லாத பள்ளிக்கூடம் பூட்டிய கதவுதான். இதைப் புரிந்துகொண்டவர் அவர்.

இப்போது கணக்கு. ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளைப் பள்ளிக்கல்வித் துறையோடு இணைக்கப் போவதாக 2023 நிதிநிலை அறிக்கையில் அரசு அறிவித்தது. நம் தரப்பில் எதிர்ப்பு எழுந்தது. 'இன்னும் தனிப்பள்ளி எதற்கு?' என்று சிலர் நியாயம் பேசுகிறார்கள். ஊர்ப்பள்ளியில் தனிப்பானை வைத்த சமூகம் கேட்கிற கேள்வியா இது? பிரித்து வைத்தது பள்ளி அல்ல, சேரி. சேரியை அப்படியே விட்டுவிட்டு, அங்கிருந்து வெளியேற நமக்கிருந்த வழியில் மட்டும் கைவைப்பது சமத்துவமாகாது. பெயர்ப்பலகை மாறினால் காலிப் பணியிடம் நிரம்புமா? விடுதிக் கழிவறைக்குத் தண்ணீர் வருமா?

சகஜானந்தர் மாலைக்காக வாழவில்லை. சட்டமன்றத்தில் நமக்காகக் கேள்வி கேட்டவர். நீங்களும் கேளுங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள்: உங்கள் ஊர் விடுதியில் எத்தனை பிள்ளைகள், எத்தனை கழிவறைகள், காப்பாளர் இருக்கிறாரா, பள்ளியில் எத்தனை ஆசிரியர் இடம் காலி?

வரும் ஜனவரி 27க்கு அந்தப் பதில்களோடு சிதம்பரத்துக்கு வாருங்கள். மேடையில் இருப்பவர்களிடம் அங்கேயே கேட்போம்.