போலந்துப் பாலர்களின் புத்தகங்கள்

குழந்தைகள் புத்தகங்களைக் கிழிப்பது உலக வழக்கம். குழந்தைகளின் புத்தகங்களைச் சர்க்கார் கிழித்ததுண்டா என்றால், போலந்து தேசத்தில் உண்டு. நூல் நிலையங்களிலிருந்து உடனே அப்புறப்படுத்த வேண்டிய நூல்களுக்கு 1951-ஆம் வருஷம் கம்யூனிஸ்ட் சர்க்கார் ஒரு ஜாபிதா தயாரித்தது. அதில் பாலர் நூல்களுக்கென்றே தனிப் பகுதி இருந்தது! சித்திரக் கதைகளோ அமெரிக்க விஷம் என்று தூற்றப்பட்டன.

1956-ல் கெடுபிடி சற்றுத் தளர்ந்தது. மறு வருஷமே சாரணச் சிறுவர் பத்திரிகையொன்றில் ஹென்றிக் ஹ்மியெலெவ்ஸ்கி என்பவர் டிட்டஸ் என்னும் மனிதக் குரங்கை வரைய ஆரம்பித்தார். அக்குரங்கை மனிதனாக்க இரண்டு சாரணச் சிறுவர்கள் படும் பாடுதான் கதை. குழந்தைகள் சொக்கிப் போனார்கள். சர்க்காருக்கும் புத்தி வந்தது. விஷம் என்று தள்ளியதையே மருந்தாக்கிக் கொண்டு, 1967 முதல் 1982 வரையில், காப்டன் ஷ்பிக் என்ற போலீஸ் அதிகாரியின் பிரதாபங்கள் போலீஸ் இலாகாவின் ஆதரவில் 53 சித்திரப் புத்தகங்களாக வெளிவந்தன. குழந்தைகள் ஆவலோடு படித்தார்கள்; அதனால் போலீஸாரிடம் அன்பு பெருகியதா என்பது வேறு விஷயம்.

சித்திரக் கதையில் சிரிக்கவாவது இடமிருந்தது. சரித்திரப் பாடத்தில் அதுவும் இல்லை. 1940-ல் கதீன் முதலிய இடங்களில் சோவியத் போலீஸார் சுமார் 22,000 போலந்துக்காரர்களைச் சுட்டுக் கொன்றார்கள். கம்யூனிஸ்ட் ஆட்சியோ பழியை ஜெர்மானியர் மீது சுமத்தியது. அல்லது வாயை மூடிக் கொண்டது. மாண்டவர்களின் மக்கள் பள்ளியில் ஒரு சரித்திரமும், வீட்டில் தாயார் தாழ்ந்த குரலில் சொன்ன வேறொரு சரித்திரமும் கற்றார்கள். 1990 ஏப்ரலில் மாஸ்கோவே குற்றத்தை ஒப்புக்கொண்டது. அதற்குள் அந்தக் குழந்தைகளுக்குத் தலை நரைத்துவிட்டது.