திட்டமிடாத மலை

கோடை தொடங்கியதும் மலைவாசத்தலங்களைப் பற்றி நாளிதழ்களில் இருவகைச் செய்திகள் தவறாமல் இடம்பெறும். ஒன்று, கொண்டை ஊசி வளைவுகளில் மணிக்கணக்கில் நிற்கும் வாகன வரிசை. மற்றொன்று, அருவியிலோ பள்ளத்திலோ பறிபோன இளம் உயிர்கள். இவ்விரண்டிலும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்படுபவர்கள் பெரும்பாலும் 'திடீரெனக் கிளம்பிவந்த கல்லூரி நண்பர்கள்'தாம். முறையாகத் திட்டமிட்டு வருபவன் பொறுப்புள்ளவன், நினைத்தவுடன் கிளம்புபவன் பொறுப்பற்றவன் என்னும் தீர்ப்பு எவ்வித விசாரணையுமின்றி எழுதப்பட்டுவிடுகிறது. இந்த வழக்கில் வடசென்னையின் சார்பாகச் சில சொற்கள் சொல்லவேண்டியிருக்கிறது.

மலைக்குச் சென்று ஓய்வெடுப்பது நம்மிடம் எப்படி வந்தது என்பதை முதலில் நினைவுகூர்வோம். கோயம்புத்தூர் ஆட்சியர் ஜான் சல்லிவன் 1819இல் நீலகிரி ஏறினார். 1870 முதல் உதகை சென்னை மாகாணத்தின் அதிகாரபூர்வக் கோடைத் தலைநகராயிற்று. கோப்புகளும் குமாஸ்தாக்களும் சமையற்காரர்களும் ஆண்டுதோறும் குறித்த நாளில் மலையேறினர். குன்னூருக்கு 1899இலும் உதகைக்கு 1908இலும் மலை ரயில் எட்டியது. தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை முதல் நாள் கிளம்பியது நம் இராயபுரத்திலிருந்து என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ளலாம். வாலாஜா ரோடு வரை ஓடிய அந்தத் தடமே பின்னர் ஜோலார்ப்பேட்டை வழியாக மேற்குக் கடற்கரை வரை நீண்டது. மலையை நோக்கிய இருப்புப்பாதை இராயபுரத்தில் தொடங்கியது; ஆனால் அதன் வழியே கோடை விடுமுறைக்குச் சென்றவர்கள் இராயபுரத்தின் மூட்டை தூக்கிகள் அல்லர். திட்டமிட்ட விடுமுறை என்பது, விடுப்பு எந்த நாளில் கிடைக்கும் என்று முன்கூட்டியே அறிந்தவர்களின் உடைமை.

இன்றும் அந்நிலை பெரிதாக மாறிவிடவில்லை. திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் ஒப்பந்தத் தொழிலாளி ஒருவரிடம், மூன்று மாதம் கழித்து வரும் இரண்டாம் சனிக்கிழமை உங்களுக்கு விடுப்பு உண்டா என்று கேட்டுப்பாருங்கள், சிரிப்பார். துறைமுக வாயிலில் வரிசையில் நிற்கும் கண்டெய்னர் லாரியின் ஓட்டுநருக்கு நாளை மாலை எங்கிருப்போம் என்பதே தெரியாது. காசிமேட்டு விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். ஆண்டு முழுவதிலும் நாள் குறித்துச் சொல்லக்கூடிய ஓய்வு அது ஒன்றே, ஆனால் அந்நாட்களில் கையில் காசிராது. இத்தகைய வீடுகளிலிருந்து வரும் பிள்ளைகள் 'டேய், போலாமா?' என்ற ஒரு சொல்லில் கிளம்புகிறார்கள் என்றால் அதற்குக் காரணம் வாலிபத் திமிர் மட்டுமன்று. அந்த வீடுகளின் நாட்காட்டியே அப்படித்தான் அமைந்திருக்கிறது.

நாங்கள் ஐவர் முதுகலைத் தமிழின் கடைசித் தேர்வை எழுதி முடித்த அன்றும் அப்படித்தான் நிகழ்ந்தது. இருபது ஆண்டுகளுக்கு முற்பட்ட கதை. மாற்றுத்துணி கூட இல்லாமல் ஜோலார்ப்பேட்டைக்குப் பயணச்சீட்டு வாங்கினோம். ஏலகிரியின் அடிவாரத்து ஊருக்குப் பொன்னேரி என்று பெயர். எண்ணூருக்கு வடக்கே நாங்கள் அறிந்த பொன்னேரி ஒன்று உண்டாதலால், 'ஊர் திரும்பிவிட்டோமடா' என்று ஒருவன் கேலி செய்தான். பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளுக்கும் புலவர்கள், வள்ளல்களின் பெயர்கள். ஐந்தாண்டுகள் ஏட்டில் படித்தவர்களைப் பெயர்ப்பலகைகளில் கடந்து ஏறினோம். மறுநாள் காலை, எண்ணூர் அனல்மின் நிலையத்துக்கு அருகே வளர்ந்த நண்பன் கண்விழித்ததும் சன்னல் விளிம்பை விரலால் துடைத்து, விரலைப் பார்த்தான். வீட்டில் தினமும் செய்யும் பழக்கம் அது, சாம்பல் படிந்திருந்தால் துணி காயப்போடக்கூடாது. விரலில் ஒன்றுமில்லை. அவன் எதுவும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,100 மீட்டர் உயரமே உள்ள எளிய மலை ஒன்று அவனுக்கு என்ன கொடுத்தது என்பதை எங்கள் நால்வருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

எதிர்வாதம் வலுவானது என்பதை மறுப்பதற்கில்லை. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டதை எவரும் மறந்திருக்க முடியாது. ஆனால் அந்தத் துயரத்தை ஊன்றிப் பாருங்கள். அவர்கள் பேச்சுவாக்கில் கிளம்பியவர்கள் அல்லர். நாள் குறித்து, குழுவாகச் சேர்ந்து, அமைப்பாளர்களின் துணையுடன் சென்றவர்கள். திட்டம் இருந்தது. மார்ச் மாதத்து உலர்புல் மலையில் தீ எவ்வளவு விரைவாக ஏறும் என்ற அறிவும், அந்நேரத்தில் அந்தப் பாதையை மூடும் நிர்வாகமும்தான் இல்லாதிருந்தன. திட்டமிடுவது வேறு, ஆயத்தமாயிருப்பது வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதிலேயே நம் பொதுப்புத்தி தவறிழைக்கிறது.

அதன்பின் 2018இலேயே மலையேற்றத்தை நெறிப்படுத்தும் விதிகள் வந்தன. 2024இல் வனத்துறை நாற்பது மலையேற்றப் பாதைகளைத் தெரிவுசெய்து, இணையவழி முன்பதிவும் உள்ளூர் வழிகாட்டிகளும் கொண்ட திட்டத்தைத் தொடங்கியது. காட்டுக்குள் கால்வைக்க அனுமதி வேண்டும் என்பதில் நமக்கு இரண்டாவது கருத்தில்லை. காடு யாருடைய 'திடீர்' ஆசைக்கும் திறந்துகிடக்க வேண்டிய இடமன்று. உதகைக்கும் கொடைக்கானலுக்கும் சென்னை உயர்நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் வந்த இ-பாஸ் முறையையும் வரவேற்கவே செய்கிறோம். 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வாகனங்கள், வார இறுதியில் 8,000 வாகனங்கள் என்று வரம்பு விதிக்கப்பட்டது. இதில் பலரும் கவனிக்கத் தவறியது ஒன்றுண்டு: அரசுப் பேருந்திலும் ரயிலிலும் வருபவருக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. மலைக்குப் பாரமாவது வாகனமே என்பதை நீதிமன்றம் இதன்வழி ஒப்புக்கொண்டிருக்கிறது என்றே நாம் பொருள்கொள்கிறோம். மூன்று மாதம் முன்பே விடுதி பதிவுசெய்து, ஆளுக்கொரு காரில் வரும் நான்கு குடும்பங்களைவிட, இரவோடிரவாகக் கிளம்பிப் பேருந்தின் கடைசி இருக்கையில் குலுங்கிவரும் ஐந்து மாணவர்களை மலை எளிதாகத் தாங்கும்.

ஆனால் அந்த ஐவருக்கும் ஒரு கடமையுண்டு. வடசென்னையிலிருந்து வருபவர்களுக்குக் கூடுதலாகவே உண்டு. பிறருடைய கழிவு நம் வாசலில் கொட்டப்படுவது எத்தகையது என்பதை நாம் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. மாநகரத்தின் குப்பை கொடுங்கையூரில் மலையாயிற்று. நிலக்கரிச் சாம்பல் கொசஸ்தலை ஆற்றைத் தூர்த்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு எண்ணூர்க் கழிமுகத்தில் படர்ந்து, வலைகளும் படகுகளும் கறுத்தன. அதே மாதம் 26ஆம் நாள் நள்ளிரவில் அம்மோனியா கசிந்து, பெரியகுப்பத்து மக்கள் வீட்டைவிட்டு ஓடினார்கள். இவ்வளவும் பட்டவன் ஏலகிரியிலோ ஜவ்வாது மலையிலோ காலிப் புட்டியையும் பிளாஸ்டிக் உறையையும் வீசிவிட்டு வருவானாகில், அவனுக்கும் நம் ஆற்றில் சாம்பல் கொட்டியவனுக்கும் என்ன வேறுபாடு? அங்கும் குடியிருப்பவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு அது விடுமுறைத் தலமன்று, ஊர்.

தொல்காப்பியர் நிலங்களைப் பகுத்துவைத்தாலும், திணை மயங்குதலுக்கு இடம் விட்டிருக்கிறார். நெய்தலுக்கு இரங்கலும் குறிஞ்சிக்குப் புணர்ச்சியும் உரிப்பொருள் என்று வகுப்பறையில் ஆண்டுதோறும் நடத்துகிறோம். கடற்கரையின் இரங்கல் வெறும் இலக்கியக் குறிப்பாக இல்லாமல், மூச்சுக்குழலின் இரைச்சலாகவே கேட்கும் ஊரில், ஒரு மாணவன் இரண்டு நாள் குறிஞ்சிக்குப் போய்வர நினைப்பதை ஊதாரித்தனம் என்று கண்டிக்க நமக்கு மனம் வருவதில்லை.

நாம் கேட்பது பெரிதொன்றுமில்லை. அடிவாரத்து ரயில் நிலையங்களிலிருந்து வார இறுதிகளில் கூடுதல் பேருந்துகள், மலைமேல் மாணவர்களுக்கு எட்டும் வாடகையில் சில பொதுத் தங்குமிடங்கள், காட்டுப்பாதைகளில் அன்றே கேட்டு அன்றே பெறக்கூடிய சில அனுமதிச் சீட்டுகள், உடன்வர உள்ளூர் வழிகாட்டி ஒருவர். கல்லூரிகளும் தடைச் சுற்றறிக்கைகளோடு நின்றுவிடாமல் நீரோட்டம், காட்டுத்தீ, முதலுதவி பற்றி ஆண்டுக்கு ஒரு வகுப்பேனும் நடத்தலாம். நாளை விடுப்பு என்று இன்றிரவு அறிபவனுக்கும் மலையில் ஓர் இடம் இருக்கவேண்டும்.