“இந்த வயசுல எதுக்கு?”

‘நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம்.’ தமிழ்ப்பள்ளியில் நாம் மனனம் செய்து, தேர்வுத்தாளில் பொருள் எழுதிப் புள்ளி வாங்கிய பழமொழி இது. ஆனால், அந்தச் செல்வத்தைத் தேடி ஐம்பது வயதைக் கடந்த ஒருவர் மீண்டும் ஜிம்முக்குப் புறப்பட்டால் நம் வீடுகளில் என்ன சொல்கிறோம்? “இந்த வயசுல எதுக்கு இதெல்லாம்? பேசாம ஓய்வெடுங்க.” நம் பெற்றோருக்கு வயதைவிடப் பெரிய தடை, பாசத்தோடு நாம் கேட்கும் இந்தக் கேள்விதான் என்பது என் கருத்து.

நம் தாத்தா பாட்டிக்கு ஜிம் தேவைப்படவில்லை. விடியுமுன் நிரைக்குப் போய், நூற்றுக்கணக்கான பால்மரங்களைச் சீவி, காண்டா வாளியில் பாலைச் சுமந்தார்கள். அவர்களின் பிள்ளைகள் தோட்டத்துத் திடலில் பந்து விளையாடி வளர்ந்தார்கள். பிறகு பட்டணத்துக்கு வந்து லாரி ஓட்டுநராகவும் காவலாளியாகவும் அலுவலக ஊழியராகவும் உட்கார்ந்து வேலை செய்யத் தொடங்கினார்கள். வேலை மாறியது, சோற்றின் அளவு மாறவில்லை. விளைவு? 2019ஆம் ஆண்டின் தேசிய உடல்நல ஆய்வில், மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருந்தது. இந்தியரிடையே அது 31.4 விழுக்காடு. ஏறக்குறைய மூவரில் ஒருவர்!

சாப்பாட்டுக்குப்பின் இரத்தத்தில் சேரும் சர்க்கரையில் பெரும்பகுதியை ஏற்றுக்கொள்வது தசைதான். வயது ஏற ஏறத் தசை குறைகிறது. பயன்படுத்தாவிட்டால் இன்னும் வேகமாகக் குறைகிறது. “தினமும் பூங்காவில் நடந்தால் போதாதா?” எனக் கேட்கலாம். நடை மிக நல்லது; ஆனால், அது பாதிதான். வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடலுழைப்போடு, 2 நாளாவது தசையை வலுப்படுத்தும் பயிற்சியும் வேண்டும் என உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் பரிந்துரைத்தது.

காலம் கடந்துவிட்டதா? அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் நடத்தப்பட்டு 1990இல் வெளிவந்த ஓர் ஆய்வு நினைவுகூரத்தக்கது. முதியோர் இல்லத்தில் வாழ்ந்த, 90 வயதை ஒட்டியவர்களுக்கு 8 வாரம் எடைப் பயிற்சி தரப்பட்டது. அவர்களின் கால் வலிமை சராசரியாக 174 விழுக்காடு கூடியது. தொண்ணூறுக்கே முடியுமென்றால் ஐம்பத்து நான்கு எம்மாத்திரம்?

என் அப்பாவுக்கு 54 வயது. இளமையில் எடை தூக்கியவர், சென்ற ஆண்டு மீண்டும் ஜிம்மில் சேர்ந்தார். “என்ன மாமா, மறுபடியும் மாப்பிள்ளை ஆகப் போறீங்களா?” என்று ஒரு விருந்தில் உறவினர் கேட்க, எல்லாரும் சிரித்தார்கள். அம்மா சேர நினைத்தபோது சிரிப்புகூட இல்லை, “பொம்பளைக்கு எதுக்கு எடை?” என்ற கண்டிப்புத்தான். மாதவிலக்கு நின்றபின் எலும்பு வேகமாகத் தேய்வதால், எலும்பைக் காக்கும் எடைப் பயிற்சி பெண்களுக்குத்தான் மிகவும் தேவை என்பதை யார் எடுத்துச் சொல்வது?

ஆயினும், திரும்பி வருபவர்களுக்கு எச்சரிக்கை அவசியம். மனம் இருபது வயதில் தூக்கிய எடையைத் தேடும். தசைநாரும் மூட்டும் அதற்கு உடனே தயாராவதில்லை. பத்துப் பன்னிரண்டு முறை சிரமமின்றித் தூக்கக்கூடிய எடையில் தொடங்கி, மெல்ல மெல்லக் கூட்ட வேண்டும். இரத்த அழுத்தம், இதயநோய் உள்ளவர்கள் முதலில் மருத்துவரைப் பார்க்க வேண்டும். இன்சுலின் போடுபவர்கள் பையில் மிட்டாய் வைத்திருப்பது நல்லது. பயிற்சியின்போது சர்க்கரை திடீரெனக் குறையலாம்.

கட்டணம் ஒரு சுமைதான். ஆனால், 2025 மதிப்பீட்டு ஆண்டு முதல், பெற்றோருக்காகப் பிள்ளைகள் கட்டும் ஜிம் கட்டணத்தையும் 1,000 ரிங்கிட் வரையிலான விளையாட்டுச் செலவு வரிக்கழிவில் சேர்க்கலாம். வேலைக்குப் போய்விட்ட முன்னாள் மாணவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். முதல் சம்பளத்தில் அம்மாவுக்குப் புடவையும் அப்பாவுக்குச் சட்டையும் வாங்குவது நம் வழக்கம். அத்துடன் ஒரு ஜோடி விளையாட்டுக் காலணியும் வாங்குவோமே! இன்னும் படித்துக்கொண்டிருக்கும் நாம், விடுமுறைக்கு வீடு திரும்பும்போது அவர்களோடு சேர்ந்து போகலாம்.

நண்பர்களே, அதற்கும் வழியில்லையென்றால், “எதுக்கு?” என்று கேட்பதையாவது இன்றோடு நிறுத்துவோம்.