கும்பிட்டால் மட்டும் போதாது, வேருக்கும் இடம் விடுங்கள்

ஓசூரிலிருந்து பெங்களூரு செல்லும் சாலையில் தமிழக எல்லையில் இருக்கிறது ஜூஜுவாடி. ராகியும் அவரையும் விளைந்த நிலங்களில் இன்று தொழிற்சாலைகளும் வாடகைக் குடியிருப்புகளும் நிற்கின்றன. இப்படி மாறிவரும் ஊர்களில் பழைய விவசாய வாழ்க்கைக்குச் சாட்சியாக மிஞ்சியிருப்பவை ஏரியும், கோயிலடி அரசமரமும் வேப்பமரமும்தான்.

அரசமரத்து மேடையை இங்கே கன்னடம் பேசுவோர் 'அரளிக்கட்டெ' என்பார்கள். தெலுங்கு பேசுவோருக்கு அரசமரம் 'ராவிச்செட்டு'. மொழி வேறானாலும் வழக்கம் ஒன்றே. அரசையும் வேம்பையும் சேர்த்து வளர்த்து, தாலி கட்டிக் கல்யாணம் செய்து, அடியில் நாகர் கல் வைத்துச் சுற்றி வருகிறோம்.

இதை வெறும் சடங்கு என்று தள்ளிவிடாதீர்கள். கோடரியை இத்தனை காலம் தடுத்து வைத்தது அந்தக் கும்பிடுதான். அதன் பலன் உங்கள் வயலுக்கும் வருகிறது. அரசு, ஆல், அத்தி மரங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் பழுப்பதில்லை. மரத்துக்கு மரம் காலம் மாறும். அதனால் மற்ற பழம் இல்லாத நாட்களிலும் பறவைகளுக்கு இரை கிடைக்கிறது. அங்கே பழம் தின்னும் மைனாதான் உங்கள் உழவுச்சாலில் புழு பொறுக்குகிறது. பழைய மரப்பொந்தில் தங்கும் ஆந்தை எலி பிடிக்கிறது. வேம்பின் பயன் உங்களுக்கே தெரியும்: 5 கிலோ வேப்பம்பருப்பை இடித்து, ஓர் இரவு ஊறவைத்து வடிகட்டி, 100 லிட்டராக்கி, கொஞ்சம் சோப்புக் கரைசல் சேர்த்தால் பூச்சிக்குத் தெளிக்கக் கரைசல் தயார்.

ஆனால், பக்தியோடு நாமே செய்யும் தவறு ஒன்று உண்டு. திருப்பணி என்று அடிமரம் வரை சிமெண்ட் மேடை கட்டி டைல்ஸ் ஒட்டுகிறோம். மழைநீர் மண்ணில் இறங்காது, வேருக்குக் காற்றும் கிடைக்காது. பட்டையை ஒட்டி விளக்கும் கற்பூரமும் ஏற்றுவதால் மரம் வெந்துபோகிறது. மேடை அவசியமென்றால் அடிமரத்திலிருந்து தள்ளிக் கட்டுங்கள். நடுவில் மண் திறந்தே இருக்கட்டும்.

இன்னொரு ஆபத்து காகிதத்தில் இருக்கிறது. நிலம் கைமாறும்போது மரத்தின் மீதிருந்த பயமும் பக்தியும் பத்திரத்தில் எழுதப்படுவதில்லை. சாலையை அகலப்படுத்த அளக்க வருபவருக்கு அது இன்னொரு மரம், அவ்வளவுதான். ஆகவே நம்பிக்கையைப் பதிவாகவும் மாற்ற வேண்டும். திண்டுக்கல் மாவட்டம் காசம்பட்டியில் ஊரார் சாமிக்காகக் காத்துவந்த 4.97 ஹெக்டேர் வீர கோயில் காடு, 2025-ல் தமிழகத்தின் இரண்டாவது பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. அங்கே கும்பிட்ட காட்டுக்குச் சட்டமும் காவலாக வந்தது.

ஒற்றை மரத்துக்கு அந்த அறிவிப்பு கிடைக்காமல் போகலாம். ஆனால் 2002-ம் ஆண்டு பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சிக்கும் பல்லுயிர் மேலாண்மைக் குழுவும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடும் இருக்க வேண்டும். உங்கள் ஊர் மரத்தின் இடம், சுற்றளவு, வழிபாட்டு வழக்கம் எல்லாவற்றையும் அதில் ஏற்றச் சொல்லி மனு கொடுங்கள். வேளாண் துறை, தோட்டக்கலைத் துறை களப்பணியாளர்கள் கிராமத்துக்கு வரும்போது இதற்கும் கைகொடுக்கலாம்.

"அரசமரம் நட்டால் நிழலில் விளைச்சல் குறையும், வேர் சுவரைப் பிளக்கும்" என்பீர்கள். உண்மைதான். வயலிலும் கிணற்றடியிலும் வேண்டாம்; மந்தைவெளியிலும் கோயில் நிலத்திலும் நடலாம். கன்றுக்குச் செலவும் இல்லை. பறவை எச்சத்தால் சுவரில் முளைத்த அரசங்கன்றைப் பிடுங்கி எறியாமல், மழை நாளில் ஈரத்தோடு வேர் அறாமல் எடுத்துப் பையில் வளர்த்தால் போதும்.

நாம் சுற்றி வரும் மரம் நம் தாத்தா காலத்தில் யாரோ நட்டது. நம் பேரன் சுற்றி வர ஒரு மரம் வேண்டாமா?